இழுபட்டால் போதுமா, மீளவும் வேண்டாமா?

2023ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியசைத் தொட்டது. 1983ல் பதிவான சிங்கப்பூரின் உச்ச வெப்பநிலைக்கு அது ஈடானது. வெயில் வாட்டிய அந்த நாள்களில், சீருடைக்குப் பதிலாக உடற்கல்வி உடையிலேயே மாணவர்கள் வகுப்புக்கு வரலாம் என்று பல பள்ளிகள் அனுமதித்தன.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. உடற்கல்வி டி-சட்டைகள் பெரும்பாலும் பாலியஸ்டரால் ஆனவை. சீருடைச் சட்டைகளிலோ பொதுவாகப் பருத்தியும் கலந்திருக்கும். “வெயிலுக்குப் பருத்திதான் நல்லது, பாலியஸ்டர் போட்டால் உடம்பு வேகும்” என்று வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அப்படியென்றால், கொளுத்தும் வெயிலில் மாணவர்களுக்குப் பாலியஸ்டர் டி-சட்டை ஏன் நிம்மதியாக இருந்தது?

பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பயிலும் எனக்கு இந்தக் கேள்வி பிடித்தமானது. ஓர் ஆடை உடலுக்கு இதமாக இருக்குமா என்பதை இழையின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. நூல் எப்படி உருவானது, துணி நெய்யப்பட்டதா பின்னப்பட்டதா, எந்த இழையுடன் எது எத்தனை விழுக்காடு கலந்தது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. உடற்கல்வி டி-சட்டை தளர்வானது, மெல்லியது, காற்று புகும் பின்னல் துணி. சீருடைச் சட்டை நெருக்கமாக நெய்த துணி. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

இதை ஏன் இளையர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? நமக்கு மட்டுமல்ல, பிறருக்கும் சேர்த்து ஆடை வாங்கும் வயது இது. இணைப்பாட நடவடிக்கைக்கான டி-சட்டை, அறிமுக முகாமுக்கான டி-சட்டை, கலைநிகழ்ச்சிக்கான நடன உடை எனப் பல நூறு பேர் எதை அணியவேண்டும் என்பதை இருபது வயது ஏற்பாட்டுக் குழு ஒன்று முடிவு செய்கிறது. அந்த முடிவில் வண்ணத்துக்கும் சின்னத்துக்கும் பல கூட்டங்கள் நடக்கின்றன. துணியைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றவேண்டும் என்பதே என் கருத்து.

பாலியஸ்டர் உண்மையில் இழுபடுமா?

1941ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய பாலியஸ்டர் இழை, ‘டெரிலீன்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. நம் தாத்தா பாட்டி தலைமுறைக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். இன்று உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கும் மேல் பாலியஸ்டர்தான். தண்ணீர் போத்தல் செய்யும் அதே பொருளைத்தான் மெல்லிய இழையாக இழுத்து நூலாக்குகிறார்கள்.

பாலியஸ்டர் இழை உறுதியானது. சிறிதளவு இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால், ரப்பர் போல நீள்வது அதன் இயல்பன்று. அப்படியிருந்தும் கடையில் ‘100 விழுக்காடு பாலியஸ்டர்’ என்று எழுதப்பட்ட ஓர் ஆடை கைக்கு நன்றாக இழுபடுகிறது, அதே எழுத்து உள்ள இன்னொன்று அசைந்தும் கொடுப்பதில்லை. காற்பந்துச் சட்டையும் ஜார்ஜெட் சேலையும் ஒரே இழையால் ஆனவையாக இருக்கலாம். நடத்தை மட்டும் வேறு.

துணிக்கு நீளும் தன்மை மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, பின்னல். டி-சட்டைத் துணி கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டது. இழுக்கும்போது கண்ணியின் வடிவம்தான் மாறுகிறது, இழை நீள்வதில்லை. பருத்தி டி-சட்டை இழுபடுவதற்கும் இதுவே காரணம். நெய்த துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிட்டத்தட்ட நேராக ஓடுவதால் அந்த இடம் கிடைப்பதில்லை.

இரண்டாவது, நூலில் ஏற்றும் சுருள். பாலியஸ்டர் இழையை இறுக முறுக்கி, சூடாக்கி, ஆறவைத்து, பிறகு முறுக்கைப் பிரிக்கிறார்கள். சூட்டில் படிந்த சுருள் இழையில் நிலைத்துவிடுகிறது. பழைய தொலைபேசியின் சுருள் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ‘மெக்கானிக்கல் ஸ்ட்ரெட்ச்’ என்று விற்கப்படும் காற்சட்டைகள் பலவற்றில் இப்படிப்பட்ட உத்திதான் இருக்கிறது.

மூன்றாவது, எலாஸ்டேன். ஸ்பான்டெக்ஸ் என்பதும் இதுவே. லைக்ரா என்பது இதன் வணிகப் பெயர்களில் ஒன்று. 1958ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசஃப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கினார். இதன் மூலக்கூறில் சுருண்டு கிடக்கும் மென்மையான பகுதிகளும் அவற்றைப் பிணைத்து வைக்கும் கெட்டியான பகுதிகளும் மாறி மாறி வருகின்றன. அதனால் தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் நீண்டு, விட்டவுடன் திரும்புகிறது. தனியாக இதை ஆடையாக்குவதில்லை. மற்ற இழைகளுடன் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். காற்சட்டைக்கு 2 அல்லது 3 விழுக்காடு போதும். உடலைப் பிடித்து நிற்கும் உடற்பயிற்சி உடையிலும் நீச்சலுடையிலும் 15 முதல் 20 விழுக்காடு அல்லது அதற்கு மேலும் இருக்கும்.

ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெட்ச்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். தமிழில் யோசித்தால் இங்கே இரண்டு குணங்கள் இருப்பது தெளிவாகத் தெரிகிறது: இழுபடுவது ஒன்று, மீள்வது மற்றொன்று. முதல் குணத்தைக் கடையில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். இரண்டாவது, பத்து முறை துவைத்த பிறகே தெரியும். முட்டியில் தொளதொளத்துப் போன காற்சட்டை நன்றாக இழுபட்டது, மீளத்தான் இல்லை.

“இழுத்துப் பாரும்மா, எவ்வளவு வேணும்னாலும் வரும்” என்று தேக்கா கடையில் தயார்நிலை ரவிக்கையை நீட்டுவார்கள். எவ்வளவு வரும் என்பதோடு எவ்வளவு திரும்பிப் போகும் என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

எதற்கு எந்தக் கலவை?

பாட்டிமார் துணியைக் கையில் கசக்கிப் பார்ப்பார்கள். சுருக்கம் நின்றால் பருத்தி, மறைந்தால் பாலியஸ்டர். நெய்த துணிக்கு இன்றும் அது நல்ல சோதனைதான். ஆனால், நான்கு வகை இழை கலந்த இன்றைய துணிகளுக்குக் கசக்கல் மட்டும் போதாது. ஆடையின் உட்புறத் தையலில் இருக்கும் சிறிய சீட்டைப் படிக்கவேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டையும் தாண்டுகிறது. பாலியஸ்டர் இழை ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆய்வுக்கூடச் சோதனைக்கான வழக்கமான சூழலில் அது தன் எடையில் 0.4 விழுக்காடு ஈரத்தையே ஏற்கும். பருத்தி 8 விழுக்காட்டை ஒட்டி ஏற்கும். விஸ்கோஸ் அதற்கும் மேல். இதனால் யாருக்கு எது பொருந்தும் என்பது அவர் என்ன செய்யப் போகிறார் என்பதைப் பொறுத்தது.

ஓடி ஆடி வியர்ப்பவருக்கு மெல்லிய பின்னல் பாலியஸ்டர் நல்லது. வியர்வை இழைகளுக்கு இடையிலான இடுக்குகள் வழியே பரவிச் சீக்கிரம் உலர்ந்துவிடும். பருத்தியோ நீரைக் குடித்துக் கனத்து உடலில் ஒட்டிக்கொள்ளும். விரிவுரை அரங்கில் மூன்று மணி நேரம் அமர்ந்திருப்பவருக்குப் பருத்தியோ பருத்தி அதிகமுள்ள கலவையோ இதமாக இருக்கும். மேலும், உடலின் எண்ணெய்ப் பசை பாலியஸ்டரில் எளிதில் தங்கிவிடும்; சலவைக்குப் பிறகும் வாடை போகாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

அடிக்கடி துவைக்கும் சட்டைக்கு 65 விழுக்காடு பாலியஸ்டர், 35 விழுக்காடு பருத்தி என்பது நெடுநாள் பழக்கத்தில் உள்ள கலவை. சுருக்கம் குறைவு, உழைப்பு அதிகம். பரதநாட்டியப் பயிற்சியில் அரைமண்டி இடுபவருக்கும் சிலம்பம் சுற்றுபவருக்கும் நெய்த பாலியஸ்டர் காற்சட்டை பகையாகிவிடும். பின்னல் துணியோ கொஞ்சம் எலாஸ்டேன் கலந்ததோ வேண்டும்.

அதற்காக எலாஸ்டேன் கூடக்கூட நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. சூடும் குளோரினும் அதன் எதிரிகள். உலர்த்தும் இயந்திரத்தின் கடுஞ்சூட்டில் தொடர்ந்து போட்டால் அது தளர்ந்துபோகும். நீச்சல் குளத்துக்கு வாரம் பலமுறை செல்பவரின் நீச்சலுடை தொய்ந்துவிடுவதும் இதனால்தான். பயிற்சி நீச்சலுடைகளில் பிபிடி என்ற, குளோரினைத் தாங்கி ஓரளவு இழுபடவும் செய்யும் பாலியஸ்டர் வகையைப் பயன்படுத்துகிறார்கள். எலாஸ்டேன் கலந்த ஆடையை நம் அடுக்குமாடி வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல் கழியில் மாட்டிக் காயவைப்பதே அதற்கு நல்லது.

பிறருக்காக வாங்கும்போது

என் தோழி ஒருத்தி, மூன்று நாள் முகாம் முழுவதும் முகாம் டி-சட்டைக்கு மேல் ஜாக்கெட் அணிந்திருந்தாள். வெயிலில் நடந்த விளையாட்டுகளிலும் அதைக் கழற்றவில்லை. “இது ஸ்ட்ரெட்ச் துணி, பெரிய அளவுகள் தேவைப்படாது” என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, குழு ‘எல்’ அளவுடன் நிறுத்திக்கொண்டது. துணி இழுபட்டது உண்மைதான். இழுபட்டபோது மெலிந்து உள்ளாடை தெரிந்தது. நெஞ்சில் இருந்த சின்னம் அகன்று, அச்சுக்கு அடியிலிருந்த வெள்ளை நிறம் வெளியே வந்தது. குழுப் படத்தில் அவள் கடைசி வரிசையில் நின்றாள்.

அவளை ஓரத்தில் நிறுத்தியது வெறும் துணி என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. இழுபடும் துணி அளவுக்கு மாற்று ஆகாது. துணி நீள்வது உடல் அசைவதற்காக. அளவு பற்றாக்குறையை மறைக்க அதைப் பயன்படுத்தினால், பெரிய உடல் கொண்டவர்தான் விலை கொடுக்கிறார்.

விற்பனையாளர்கள் பாலியஸ்டரையே முன்னிறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சட்டை முழுவதும் பல வண்ணங்களில் அச்சிடும் சப்ளிமேஷன் முறையில், சூட்டில் ஆவியாகும் சாயம் பாலியஸ்டர் இழைக்குள் புகுந்து நிலைக்கிறது. பருத்தியில் அது நிற்காது. ஒவ்வொருவர் பெயரையும் முதுகில் அச்சிட்டுத் தரவும் இம்முறை எளிது. இதில் தவறில்லை. ஆனால், துணியை அச்சு முடிவு செய்கிறதா, அணிபவரின் தேவை முடிவு செய்கிறதா என்று குழு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

“ஒருநாள் போடும் சட்டைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? எங்களிடம் நேரமும் இல்லை, பணமும் இல்லை” என்று குழுவில் இருப்பவர்கள் சொல்லலாம். வரவுசெலவைச் சமாளிக்கும் அவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. எனினும், ஒருநாள் மட்டுமே அணியும் சட்டை என்று தெரிந்தால் அதை வாங்கத்தான் வேண்டுமா என்பதே முதல் கேள்வியாக இருக்கவேண்டும். பருத்தி, பாலியஸ்டர், எலாஸ்டேன் மூன்றும் கலந்த துணியைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். நாம் குப்பையில் போடும் ஆடை எரிக்கப்பட்டு, அதன் சாம்பல் செமாக்காவ் நிரப்பு நிலத்துக்குப் போகிறது. நாட்டின் ஒரே நிரப்பு நிலமான அது 2035ஆம் ஆண்டுவாக்கில் நிறைந்துவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அலமாரியில் மடித்தபடியே கிடக்கும் முகாம் சட்டைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வாங்குவதென்று முடிவானால், யாரும் துணிப் பொறியாளராக வேண்டியதில்லை. மூன்று காரியங்கள் போதும்.

ஒன்று, விலை கேட்பதற்கு முன்பே துணியின் கலவை விழுக்காட்டையும் அது பின்னலா நெசவா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ‘டிரை-ஃபிட் துணி’ என்ற பதில் போதாது. சீட்டில் உள்ள எண்கள் வேண்டும்.

இரண்டு, மாதிரிச் சட்டை ஒன்றை வாங்கி அடிக்கோலுடன் உட்காருங்கள். துணியில் 10 செ.மீ. அளந்து குறுக்காக இழுங்கள். 13 செ.மீ. வரை வந்தால் 30 விழுக்காடு நீள்கிறது என்று பொருள். நெடுக்காகவும் அதையே செய்யுங்கள். பத்து முறை இழுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 10 செ.மீ.க்கே திரும்பினால் நல்லது. பத்தரையில் நின்றுவிட்டால் அது சீக்கிரம் தொய்யும். அச்சு வெடிக்கிறதா, துணி ஊடுருவித் தெரிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு ஒருமுறை துவைத்துப் பாருங்கள்.

மூன்று, அளவுப் பட்டியலை உறுப்பினர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ‘மூன்று எக்ஸ்எல்’ ஒன்றே ஒன்று தேவைப்பட்டாலும் அதையும் சேர்த்தே விலை பேசுங்கள். பருத்திதான் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்பவருக்கு அதே வண்ணத்தில் பருத்திச் சட்டை அணிய அனுமதியுங்கள். படத்தில் அது பெரிதாகத் தெரியாது. அணிபவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகஸ்ட்டில் புதிய கல்வியாண்டு தொடங்கும் முன், பல்கலைக்கழகங்களில் முகாம் ஏற்பாட்டுக் குழுக்கள் மீண்டும் கூடும். சின்னம் எந்த வண்ணத்தில் இருக்கவேண்டும் என்ற விவாதம் நடக்கட்டும். அதற்கு முன், மாதிரிச் சட்டையின் உள்தையலைப் புரட்டி, சீட்டில் எழுதியிருப்பதை யாராவது ஒருவர் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டட்டும்.