கோர்ஸ் எரர் வந்தால் எங்கே பார்ப்பது?

லோக்கல்ஹோஸ்ட் 3000இல் ஓடும் ஒரு ரியாக்ட் ஆப், அமேசான் எஸ்3 பக்கெட்டில் ஒரு படத்தை ஏற்றப் பார்க்கிறது. அதற்கான ப்ரீசைன்டு யுஆர்எல், அதாவது ஏற்றும் அனுமதி உள்ளடங்கிய முகவரி, கையில் இருக்கிறது. போஸ்ட்மேனில் அதே யுஆர்எல்லுக்கு அனுப்பினால் படம் ஒழுங்காக ஏறி, 200 என்று பதில் வருகிறது. பிரவுசரில் மட்டும் கன்சோல் முழுக்கச் சிவப்பு எழுத்து: கோர்ஸ் எரர். கூகுளில் தேடினால், ஒரு எக்ஸ்டென்ஷனைப் போடு என்றோ, பக்கெட்டைப் பப்ளிக் ஆக்கு என்றோ யாராவது சொல்லியிருப்பார்கள். முதலாவது உங்கள் கணினியில் மட்டும் எரரை மறைக்கும். பயனாளருக்கு எரர் அப்படியே இருக்கும். இரண்டாவது எரரைத் தொடவே தொடாது, ஆனால் பக்கெட்டில் உள்ள கோப்புகளை ஊருக்கே திறந்துவிடும். வெப் டெவலப்மென்ட் கற்கும் பிள்ளைகள் பலர் நிறைய நேரத்தைத் தொலைக்கும் இடம் இது. நிதானமாகப் புரிந்துகொண்டால் பெரும்பாலான சமயம் சில நிமிட வேலை இது.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்தது. வலைப்பக்கத்துக்குள் நிரல் ஓடத் தொடங்கியதும் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு டேபில் வங்கிக் கணக்கில் லாகின் செய்திருக்கிறீர்கள். இன்னொரு டேபில் ஏதோ ஒரு தளம் திறந்திருக்கிறது. அந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் வங்கியின் சர்வரைக் கூப்பிட்டால், உங்கள் குக்கியும் கூடவே போகக்கூடும். வரும் பதிலை அந்த ஸ்கிரிப்ட் படிக்க முடிந்தால், உங்கள் கணக்கு விவரம் முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்விடும். அதனால் வந்ததுதான் சேம் ஆரிஜின் பாலிசி: ஓர் ஆரிஜினின் ஸ்கிரிப்ட் மற்றோர் ஆரிஜினின் பதிலைப் படிக்கக் கூடாது.

ஆரிஜின் என்பது மூன்று சேர்ந்தது: எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது, ஹோஸ்ட் பெயர், போர்ட் எண். மூன்றில் ஒன்று மாறினாலும் ஆரிஜின் வேறு. லோக்கல்ஹோஸ்ட் 3000 வேறு, லோக்கல்ஹோஸ்ட் 8080 வேறு. ஒரே கணினிதான் என்றாலும் லோக்கல்ஹோஸ்ட் வேறு, 127.0.0.1 வேறு. கோப்பை நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறந்தால் ஆரிஜின் என்ற இடத்தில் ‘நல்’ என்றே போகும். ஆப்பின் முகவரியை எழுதிய அனுமதிப் பட்டியலில் அது பொருந்தாது.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பது அடுத்த விஷயத்தை. கோர்ஸ் ஒரு தடை அல்ல. தடை சேம் ஆரிஜின் பாலிசி. அதில் சர்வர் விரும்பினால் விலக்கு அளிக்க உண்டான வழிதான் கோர்ஸ். 2014 ஜனவரியில் டபிள்யூ3சி அதைத் தரநிலையாக ஏற்றது. இன்று ஃபெட்ச் தரநிலைக்குள் அது இருக்கிறது. “இந்த ஆரிஜினிலிருந்து வந்தால் பதிலைக் காட்டலாம்” என்று சர்வர் ஒரு ஹெடரில் சொல்கிறது. அதைப் படித்து நடைமுறைப்படுத்துவது பிரவுசர். போஸ்ட்மேனிலும் கர்லிலும் காக்கப்பட வேண்டிய பயனாளர் அமர்வு எதுவும் இல்லை. அவை இந்த ஹெடரைப் பார்ப்பதே இல்லை. போஸ்ட்மேனில் ஓடுகிறது என்பது கோர்ஸைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். சாதாரண கெட், படிவம் போன்ற போஸ்ட் ஆகியவை முதலிலேயே சர்வருக்குப் போய்விடுகின்றன, வேலையும் நடந்துவிடுகிறது. பதில்தான் மறைக்கப்படுகிறது. கன்சோலில் எரர், டேட்டாபேஸில் ஆர்டர் பதிவாகியிருக்கிறது என்று சிலர் குழம்புவது இதனால்தான். ஆகவே சர்வரைக் காக்க கோர்ஸை நம்பக் கூடாது. ஆத்தென்டிகேஷன் தனியே வேண்டும்.

சாதாரணம் அல்லாத கோரிக்கைக்கு பிரவுசர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும். நம் படத்தையே எடுத்துக்கொள்வோம். மெத்தட் புட், கன்டென்ட் டைப் இமேஜ் பிஎன்ஜி. இரண்டுமே சாதாரணப் பட்டியலில் இல்லை. ஆகவே படம் கிளம்புமுன் ஆப்ஷன்ஸ் என்ற மெத்தடில் ஒரு வெறும் கோரிக்கை போகிறது. அதில் மூன்று செய்திகள்: நான் வருவது லோக்கல்ஹோஸ்ட் 3000இலிருந்து, அடுத்து புட் அனுப்பப் போகிறேன், கன்டென்ட் டைப் ஹெடரும் வரும். இதுதான் பிரீஃப்ளைட். இதில் குக்கியோ, டோக்கனோ போகாது. பக்கெட்டில் கோர்ஸ் விதி எழுதப்படவில்லை என்றால் எஸ்3 இதற்கு 403 என்று பதில் சொல்லும். படம் கிளம்பவே கிளம்பாது.

தீர்வு பக்கெட்டின் பெர்மிஷன்ஸ் பகுதியில் இருக்கிறது. அங்கே கோர்ஸ் என்று தனியாக ஒரு ஜேசன் பெட்டி உண்டு. அனுமதிக்கும் ஆரிஜினில் உங்கள் ஆப்பின் முகவரி, மெத்தடில் புட், ஹெடரில் கன்டென்ட் டைப். முகவரியின் கடைசியில் சாய்கோடு போடக் கூடாது. பிரவுசர் அனுப்பும் ஆரிஜினில் அது இருக்காது, எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பெரிய கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றுபவர்கள் எக்ஸ்போஸ் ஹெடரில், எஸ்3 ஒவ்வொரு துண்டுக்கும் தரும் ஈடேக் என்ற அடையாளத்தையும் சேர்க்க வேண்டும். துண்டுகள் எல்லாம் ஏறியபின், ஈடேக்கைப் படிக்க முடியாமல் கடைசிப் படியில் நின்றுபோனவர்கள் நிறையப் பேர். பக்கெட் பாலிசி என்பது வேறு சமாச்சாரம். யார் எடுக்கலாம் என்பதை அது சொல்லும், எந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் படிக்கலாம் என்பதைச் சொல்லாது. கூகுள் கிளவுட் ஸ்டோரேஜிலும் அஷ்யூர் பிளாபிலும் பெயர்கள் கொஞ்சம் மாறும், கருத்து அதேதான். அஷ்யூரில் ஒரு சேவைக்கு ஐந்து விதிகள்தான் வைக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதுவரை சொன்னது நேரான கோர்ஸ் எரர். கோர்ஸே அல்லாத ஒன்று கோர்ஸ் என்ற பெயரில் வருவதுதான் உண்மையில் ஆளைச் சுற்றவைக்கும்.

அமேசானின் ஏபிஐ கேட்வேக்குப் பின்னால் ஒரு லாம்ப்டா ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ராக்ஸி முறையில் இணைத்திருந்தால் கோர்ஸ் ஹெடரை லாம்ப்டாவின் நிரலே திருப்பித் தர வேண்டும். நிரல் நன்றாக ஓடும்வரை எல்லாம் சரி. ஒருநாள் டேட்டாபேஸ் மந்தமாகி, கேட்வேயின் இயல்பான 29 விநாடி வரம்பு தாண்டிவிடுகிறது. அப்போது 504 பதிலைத் தருவது கேட்வே; லாம்ப்டா போட்டிருக்க வேண்டிய ஹெடர் அதில் இல்லை. ஹெடர் இல்லாத பதிலைப் பார்த்த பிரவுசர், தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது: கோர்ஸ் எரர். டோக்கன் காலாவதியாகி 401 வந்தாலும் இதே கதைதான். என்ஜினிக்ஸிலும் இது உண்டு: ஆட் ஹெடர் கட்டளையின் முடிவில் ‘ஆல்வேஸ்’ என்று எழுதாவிட்டால், 404, 500 போன்ற பதில்களில் ஹெடர் சேராது. ஒருவர் நாள் முழுக்கக் கோர்ஸ் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பார். கோளாறு ஒரு எஸ்க்யூஎல் வரியில் இருக்கும்.

ஆகவே கன்சோலை விட்டுவிட்டு நெட்வொர்க் டேபைத் திறங்கள். ஆப்ஷன்ஸ் 401 அல்லது 403 என்றால், டோக்கன் சரிபார்ப்பு பிரீஃப்ளைட்டையும் பிடித்து நிறுத்துகிறதா, கோர்ஸ் விதி விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். 301 என்றால் முகவரியே எங்கோ திருப்பப்படுகிறது. எச்டிடிபிஎஸ்ஸுக்கோ, கடைசிச் சாய்கோட்டுக்கோ. பிரீஃப்ளைட் அதைப் பின்தொடராது. ஆப்ஷன்ஸ் நலமாகத் திரும்பி, அடுத்தது 500 வரிசையில் விழுந்தால் சர்வரின் லாகைப் படியுங்கள். ஒரே ஹெடர் இரண்டு முறை வந்திருந்தால், என்ஜினிக்ஸும் உங்கள் நிரலும் ஆளுக்கொன்று சேர்க்கின்றன, ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரு முறை வருகிறது, ஒரு முறை வரவில்லை என்றால் இடையில் உள்ள கேஷைச் சந்தேகியுங்கள். ஆரிஜின் ஹெடர் இல்லாத கோரிக்கைக்கு எஸ்3 கோர்ஸ் ஹெடர் தராது. அந்தப் பதிலை கிளவுட்ஃபிரண்ட்டோ பிரவுசரோ சேமித்து வைத்து மறுபடி தந்தால் எரர் விட்டுவிட்டு வரும்.

முன்பக்க நிரலில் மோடை ‘நோ கோர்ஸ்’ என்று மாற்றினால் சாதாரணக் கோரிக்கையில் எரர் போகும். பதிலின் உள்ளடக்கமும் ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாமல் போகும். அதைவிட மோசமான ஒன்று உண்டு. எல்லா ஆரிஜினுக்கும் என்று நட்சத்திரக் குறி போட்டால், குக்கியோடு போன கோரிக்கையின் பதிலை பிரவுசர் ஏற்காது. அதைத் தாண்டுவதற்காக, வந்த ஆரிஜினையே சரிபார்க்காமல் அப்படியே திருப்பி எழுதி, கிரெடென்ஷியல்ஸையும் அனுமதிப்பவர்கள் இருக்கிறார்கள். அது 1995 முதல் இருந்துவரும் காப்பைத் தன் கையாலேயே கழற்றுவது. 2016இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் கெட்டில், இப்படித் தவறாக அமைத்த தளங்களிலிருந்து பயனாளரின் ரகசியச் சாவிகளை எடுக்க முடியும் என்று காட்டினார். அனுமதிக்கும் ஆரிஜின்களைப் பட்டியலாக வைத்து, அதில் இருந்தால் மட்டும் திருப்பி எழுதுங்கள். கூடவே, கேஷ் குழப்பம் வராமல் இருக்க, வேரி ஹெடரில் ஆரிஜின் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை நண்பரிடமோ சீனியரிடமோ உதவி கேட்கும்போது, சிவப்பு எழுத்தின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பாதீர்கள். ஆப்ஷன்ஸின் ஸ்டேட்டஸ் எண், அதன் ரெஸ்பான்ஸ் ஹெடர்கள், அடுத்து போன கோரிக்கையின் ஸ்டேட்டஸ் எண் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். டோக்கனையும் குக்கியையும் அழித்துவிட்டு.