"லைசென்ஸ் இருக்கு சார்"னு சொன்னா போதுமா?



போன வாரம் நம்ம ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ சுத்திச்சு. மேற்கு தாம்பரத்துல ஒரு ஏடிஎம் வாசல். பணம் நிரப்புற வண்டி நிக்குது. பக்கத்துல ஒரு செக்யூரிட்டி அண்ணன், கையில இரட்டைக்குழல் துப்பாக்கி. கீழே, "வடக்கன் கையில துப்பாக்கி, தமிழா முழிச்சுக்கோ, உடனே பேஜ்ல போடுங்க"ன்னு மெசேஜ்.

நாங்க போடல. அந்த அண்ணன் வயித்துப் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து வெயில்ல நிக்கிறார். அவர் முகத்தை வெச்சு லைக் வாங்குறது நம்ம அரசியல் இல்லை. 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி, வடமாநிலத் தொழிலாளர்கள் எவ்வளவு பயந்தாங்கன்னு நாம பார்த்தோம்.

ஆனா அந்தப் போட்டோ வேற ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டுச்சு. வெளி மாநில லைசென்ஸைக் காட்டி ஒருத்தர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கும்போது, கடைக்காரர் என்ன செக் பண்ணணும்? தப்பாப் போனா யார் பொறுப்பு?

இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 2021 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில், ஏடிஎம் பண வண்டிக் காவலுக்கு இருந்த ஜம்மு காஷ்மீரைச் சேர்ந்த ஐந்து பேரை கேரள போலீஸ் கைது செய்தது. ஐந்து இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பறிமுதல். லைசென்ஸ் போலின்னு போலீஸ் சொன்னது.

நம்ம சென்னையிலும் நடந்திருக்கு. 2020 நவம்பரில் சௌகார்பேட்டையில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் வெளி மாநிலத்தைச் சேர்ந்த ஒரு முன்னாள் ராணுவத்தினரும் கைதானார். பயன்பட்டது அவருடைய லைசென்ஸ் துப்பாக்கி என்று போலீஸ் சொன்னது. எங்கோ சட்டப்படி வாங்கிய துப்பாக்கி, நம்ம ஊர் வீட்டுக்குள்ள வந்து வெடிச்சிருக்கு.

இப்போ கடைகளுக்கு வருவோம். 2022 ஆகஸ்ட்டில், சுதந்திர தினத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, டெல்லி ஆனந்த் விஹார் பகுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் பிடிபட்டன. கைதானவர்களில் டேராடூனில் லைசென்ஸோடு துப்பாக்கிக் கடை நடத்திய உரிமையாளரும் ஒருவர். குற்றச்சாட்டுப்படி பார்த்தா, கள்ளச்சந்தைக்குப் போன சரக்கு ஏதோ காட்டுக்குள்ள தயாரானது இல்லை. போர்டு மாட்டின கடை வழியா போனது.

இதைவிடப் பெரிசு ஜம்மு காஷ்மீர் லைசென்ஸ் ஊழல். 2017-ல் ராஜஸ்தான் பயங்கரவாதத் தடுப்புப் படை கண்டுபிடிச்சு, பிறகு சிபிஐ கையில் எடுத்த வழக்கு. 2012 முதல் 2016 வரை, தகுதியில்லாதவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் அதிகமான லைசென்ஸ் தரப்பட்டதாகக் குற்றச்சாட்டு. வாங்கியவர்களில் ஏராளமானோர் வெளி மாநிலத்தவர். ஐஏஎஸ் அதிகாரிகளே கைதானார்கள். 2021 ஜூலையில் சிபிஐ சுமார் 40 இடங்களில் சோதனை போட்டது. அதில் கிட்டத்தட்ட பாதி, துப்பாக்கிக் கடைகள். கடைக்காரர்கள் அதிகாரிகளோடு கைகோத்து லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதுதான் புகார்.

சட்டம் என்ன சொல்லுது? 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி விற்கவே தனி லைசென்ஸ் வேணும். 21 வயசு ஆகாதவர் மாதிரி சட்டம் தடை செய்தவருக்கோ, மனநிலை சரியில்லாதவருக்கோ, அது தெரிஞ்சு விற்றால் குற்றம். "அப்படி நம்பக் காரணம் இருந்து" விற்றாலும் குற்றம். லைசென்ஸ் எந்த எல்லைக்குள்ள செல்லும், எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் லைசென்ஸிலேயே இருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டவிரோத ஆயுதக் கடத்தலுக்குக் குறைந்தது 10 வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

கடைக்காரர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கு. "கலெக்டர் ஆபீஸ் சீல் போட்ட பேப்பரை நான் எப்படி சந்தேகப்படுறது?"ன்னு கேட்கலாம். நேர்மையா தொழில் பண்றவங்க, விளையாட்டுக்குத் துப்பாக்கி வாங்குற வீரர்கள் எல்லாரையும் குற்றவாளி மாதிரி பார்க்கவும் கூடாது. ஆனா ஒரு சிம் கார்டு வாங்கப் போனா ஆதார், கைரேகை, போட்டோன்னு நம்மை எத்தனை தடவை சரிபார்க்கிறாங்க? உயிரை எடுக்கிற பொருளுக்கு அதைவிடக் கம்மியா எப்படி இருக்க முடியும்? வாங்குறவர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மாவட்டத்து லைசென்ஸோட வந்தா, அந்தத் தூரமே கூடுதலா ஒரு தடவை விசாரிக்கக் காரணம்.

"எல்லாம் ஆன்லைன்ல இருக்கே"ன்னு சிலர் சொல்வாங்க. உண்மைதான். தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளம் இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் தனி அடையாள எண்ணும் இருக்கு. ஆனா இன்ஜினியரிங் படிச்ச எல்லாருக்கும் தெரியும்: உள்ள குப்பையைப் போட்டா வெளியவும் குப்பைதான் வரும். ஜம்மு காஷ்மீர் வழக்கில் லைசென்ஸ் கொடுத்ததே உண்மையான அதிகாரிகள் என்பதுதானே புகார்? எண் சரியா இருந்தா மட்டும் ஆள் சரியாகிட மாட்டார்.

அமெரிக்காவில் துப்பாக்கி எவ்வளவு சுலபமா கிடைக்கும்னு நமக்குத் தெரியும். அங்கேயே இதுக்கு ஒரு கடிவாளம் இருக்கு. 1963-ல் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, சிகாகோ கடையிலிருந்து டல்லஸுக்குப் பொய்ப் பெயரில் தபாலில் போனது. 1968-ல் சட்டம் வந்தது. இன்னிக்கும் வெளி மாநிலக்காரருக்குக் கைத்துப்பாக்கியை ஒரு கடை நேராகக் கொடுக்க முடியாது. வாங்குறவருடைய மாநிலத்தில் இருக்கும் லைசென்ஸ் கடைக்கு அனுப்பி, அங்கே சோதனை முடிஞ்சுதான் கைக்குப் போகணும்.

நாம கேட்கிறது மூணே விஷயம்.

ஒன்று: வெளி மாநில லைசென்ஸுக்கு விற்கும் முன், லைசென்ஸ் கொடுத்த மாவட்டத்திலிருந்து எழுத்துப்பூர்வமான உறுதி கடைக்காரர் கையில் இருக்கணும். கேட்டு வாங்கி விற்றவருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுங்க. கேட்காம விற்றவர் "எனக்குத் தெரியாது"ன்னு தப்பிக்க விடாதீங்க.

இரண்டு: கடையில் இருக்கும் சரக்கும் ரெஜிஸ்டரும் ஒத்துப்போகுதான்னு முன்கூட்டிச் சொல்லாம சோதனை நடக்கணும். ஒரே கடையில், ஒரே தூரத்து மாவட்ட லைசென்ஸ்கள் வரிசையா வந்தா சிஸ்டமே எச்சரிக்கை கொடுக்கணும். இதுக்கு பெரிய ஏஐ எல்லாம் வேண்டாம், ஒரு எக்ஸெல் ஷீட் போதும்.

மூன்று: துப்பாக்கியோட காவலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள், அந்த லைசென்ஸைச் சரிபார்த்த சான்றைத் தாம்பரம் போலீஸ் கமிஷனரேட்டில் கொடுக்கணும். ஏஜென்ட்டுக்குக் காசைக் கொடுத்து ஏமாந்து நிற்கும் தொழிலாளி ஜெயிலுக்குப் போறதும், விற்ற கடையும் வேலைக்கு வெச்ச கம்பெனியும் வேடிக்கை பார்க்கிறதும் நியாயம் இல்லை.

தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்றாங்க. எந்தத் துப்பாக்கி யாரிடம் இருக்குன்னு அப்போ கணக்கெடுக்க முடியுது இல்ல? அந்த அக்கறை விற்பனை நடக்கிற அன்னிக்கே இருக்கட்டும்.

நம்ம பங்குக்கு ஒண்ணு. இந்த மாதிரி போட்டோ வந்தா ஃபார்வர்ட் பண்ணாதீங்க. நிஜமாவே சந்தேகம்னா 112-க்கு கூப்பிடுங்க. துப்பாக்கி பிடிச்சு நிக்கிறவர் எந்த ஊர்னு கேட்கிறதை விட, அதை அவர் கையில கொடுத்தது எந்தக் கடைன்னு கேட்போம்.

ஷேர் பண்ணுங்க, உங்க கருத்தைக் கமெண்ட்ல சொல்லுங்க.

#விற்றவருக்கும்_பொறுப்பு_உண்டு #தாம்பரம்