குலோத்துங்கனும் அப்பா பேர்ல இருக்கிற பைக்கும்

2003 ஜூலை 26, ஜகார்த்தா. ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல தாய்லாந்தோட பெக் டெரோ சசானாவை 3-1னு ஜெயிச்சு கப்போட வந்தது கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால். அந்த டீம்ல பைச்சுங் பூட்டியாவை எல்லாருக்கும் தெரியும். கானா நாட்டு சூலே மூசா, நைஜீரியாவோட மைக் ஓகோரோ பேரைக்கூட ஃபுட்பால் பைத்தியங்க சொல்லுவாங்க. அதே டீமோட மிட்ஃபீல்டுல ஒரு தஞ்சாவூர்க்காரர் இருந்தார், குலோத்துங்கன். நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங்னு கொல்கத்தாவோட மூணு பெரிய கிளப்புக்கும் ஆடினவர். அப்புறம் மும்பை எஃப்.சி., விவா கேரளா. சந்தோஷ் டிராஃபியில தமிழ்நாட்டுக்கு ஆடினார். 2018 அக்டோபர்ல, சொந்த ஊர் தஞ்சாவூர்ல, பைக் விபத்துல இறந்துட்டார். நாற்பதை ஒட்டின வயசு.

அவர் வீட்டுக் கணக்கு நமக்குத் தேவையில்லாதது, அதைப் பேசுறது மரியாதையும் இல்ல. நான் யோசிக்கிறது அந்தத் தொழிலைப் பத்தி. செல்சியில 11 வருஷம் ஆடின நைஜீரியா மிட்ஃபீல்டர் ஜான் ஒபி மிக்கேலே 2022-ல, 35 வயசுல ஓய்வு அறிவிச்சுட்டார். ஒப்பந்தம் முடிஞ்ச அன்னிக்கு கிளப் கொடுத்த டாக்டர், சம்பளம், பாதுகாப்பு எல்லாம் முடிஞ்சுடும். ஆனா அதுக்கப்புறமும் அதே ரோட்லதான் வண்டி ஓட்டணும்.

உங்க வேலையும் இதேதான்னு நான் சொன்னா சிரிப்பீங்க. போன தடவை திருப்புலிவனம் போயிருந்தப்போ, ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் சொன்னான், "ஆபீஸ்லயே இன்சூரன்ஸ் இருக்குண்ணா, எனக்கு எதுக்கு தனியா?" மாசம் 22,000 சம்பளம். அப்பா, அம்மா, படிக்கிற தங்கச்சி எல்லாம் அவனை நம்பித்தான்.

சரி, கணக்குப் போடுவோம். பி.எஃப். பிடிக்கிற வேலையில இருக்கும்போது இறந்தா, இ.டி.எல்.ஐ. திட்டத்துல குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரும். அவன் சம்பளத்துக்கு 32 மாசம்கூட வராது. கம்பெனி எடுத்துக் கொடுக்கிற குரூப் பாலிசி, ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும்தான். ஒரு வேலையை விட்டு அடுத்த வேலைக்குப் போற நடுவுல ரெண்டு மாசம் வீட்ல இருந்தா? அந்த ரெண்டு மாசமும் கையில ஒண்ணும் இல்ல. எஸ்.ஐ.பி.-யைப் பத்தி என்கிட்ட தினமும் கேக்குறாங்க, இதைக் கேக்குறவங்க ரொம்பக் கம்மி. என்னைக் கேட்டா, உங்களை நம்பி வீட்ல ஒருத்தர் இருந்தாக்கூட, எஸ்.ஐ.பி.-யை ரெண்டு மாசம் தள்ளி வெச்சுட்டு சொந்தப் பேர்ல ஒரு டேர்ம் பாலிசி எடுங்க. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.-யும் இல்ல. நம்பி யாருமே இல்லையா, டேர்ம் வேண்டாம், விபத்து பாலிசி மட்டும் எடுங்க. கால் போனா சம்பளம் போறது ஃபுட்பால் ஆடுறவருக்கு மட்டும் இல்லையே.

இதுல யாரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. பைக் இன்சூரன்ஸோட சேர்ந்து வர்ற 15 லட்சம் விபத்துக் காப்பீடு. 2018-லதான் இதை 15 லட்சமா ஏத்தினாங்க, அதுக்கு முன்னாடி டூ வீலருக்கு வெறும் 1 லட்சம். வருஷத்துக்கு சில நூறு ரூபாய்தான். ஆனா பாலிசியில அதுக்குப் பேரு 'ஓனர் டிரைவர்' கவர். ஆர்.சி.-யில யார் பேர் இருக்கோ அவரே, லைசென்ஸோட, அந்த வண்டியை ஓட்டியிருக்கணும். வேற யார் ஓட்டினாலும் இந்தப் பணம் கிடையாது, மகனா இருந்தாலும்.

தம்பிகிட்ட இதைச் சொன்னேன். தினமும் விடியக்காலையில கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க உத்திரமேரூர் வரைக்கும் பைக்லதான் போறான். ஒண்ணும் பேசல. போனை எடுத்து டிஜிலாக்கரைத் திறந்து கொஞ்ச நேரம் தேடினான். "இதுல வராதுண்ணா, வண்டி அப்பா பேர்ல இருக்கு"ன்னான்.

அப்பாவுக்கு பைக் ஓட்டத் தெரியாது.