அம்புக்குறி இல்லாத கிரகம்

பழைய வீடியோ கேம் ஒன்றை இன்னும் விளையாடுகிறேன் என்று சொன்னால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் தயாராக வைத்திருக்கிறார்கள். "சின்ன வயசு ஞாபகம், இல்ல?" இலக்கிய நண்பர்கள் கொஞ்சம் நாகரிகமாக 'நினைவேக்கம்' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். கேமைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஆளைப் பற்றிப் பேசி முடித்துவிடும் வழி அது.

என் விஷயத்தில் அந்தக் கணக்கு இடிக்கிறது. 'சூப்பர் மெட்ராய்ட்' வந்தது 1994-இல். நான் அதற்குப் பிறகு பிறந்தவன். எங்கள் வீட்டில் சூப்பர் நின்டெண்டோ இருந்ததே கிடையாது. பல்கலைக்கழக இறுதியாண்டில், அறை நண்பனின் ஸ்விட்ச்சில்தான் முதன்முதலாக விளையாடினேன். இல்லாத பால்யத்துக்காக எப்படி ஏங்குவது? அந்த கேமில் ஏதோ இருக்கிறது. அதைப் பேசாமல் தப்பிப்பதற்குத்தான் இந்த 'ஞாபகம்' எல்லாம்.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக: சேமஸ் ஆரன் என்ற விண்வெளி வேட்டைக்காரி, கடத்தப்பட்ட ஓர் உயிரினக் குஞ்சைத் தேடி ஸீபெஸ் என்ற கிரகத்தில் தனியாக இறங்குகிறாள். ஆரம்பத்தில் ஒரு முன்கதை வரும். அதோடு பேச்சு முடிந்தது. பிறகு வருவது பெரும்பாலும், எடுத்த பொருளின் பெயரும் அதற்கு எந்தப் பொத்தான் என்பதும்தான். மொத்த கேமும் 24 மெகாபிட், அதாவது 3 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே அந்த அளவுக்கு வந்துவிடும்.

இந்த கேமைப் பற்றி இரண்டு கூட்டம் சண்டை போடுகிறது. ஒன்று பழைமைவாதிகள்: "அந்தக் காலத்து கேம் எதையும் சொல்லித் தராது. தட்டுத் தடுமாறித்தான் கத்துக்கணும். இப்ப உள்ள பிள்ளைங்களுக்குப் பொறுமை ஏது?" இன்னொன்று, இன்றைய பெரிய கேம்களின் பக்கம் நிற்பவர்கள்: "ஆட்டக்காரருக்கு நேரமில்லை. வழி தெரியாட்டி விட்டுட்டுப் போயிடுவார். வரைபடத்தில் புள்ளி வை, திரையில் அம்புக்குறி போடு." எதிரெதிராக நிற்பதுபோல் தெரிந்தாலும் இரண்டு பேரும் நம்புவது ஒரே விஷயத்தை: உதவி என்றால் வாயால் சொல்வது. ஒருவர் அது வேண்டாம் என்கிறார், மற்றவர் வேண்டும் என்கிறார். சூப்பர் மெட்ராய்ட் முழுக்க முழுக்க உதவிதான். அது வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

முதல் பத்து நிமிடத்தைப் பாருங்கள். சேமஸ் இறங்கும் இடத்தில் மழை பெய்கிறது. குகைகள் காலியாகக் கிடக்கின்றன, சண்டை போட ஆளில்லை. கீழே போய், உடம்பை உருண்டையாகச் சுருட்டும் திறனையும் ஏவுகணையையும் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினால், காலியாக இருந்த அதே அறைகளில் இப்போது எதிரிகள். 'கடந்து வந்த இடம் முடிந்துபோன இடம் இல்லை, திரும்பி வா' என்பதுதான் இந்த கேமின் அடிப்படை விதி. அந்த விதி எந்த இடத்திலும் எழுத்தில் இல்லை. ஆனால் முதல் பத்து நிமிடத்திலேயே அது நமக்குப் புரிந்துவிடுகிறது.

இன்னொன்று. ஆழமான ஒரு குழிக்குள் மூன்று குட்டி விலங்குகள் இருக்கும். இந்தச் சுவரில் உதைத்து அந்தச் சுவருக்கு, அந்தச் சுவரில் உதைத்து இந்தச் சுவருக்கு என்று துள்ளி மேலே போகும். நாம் நின்று வேடிக்கை பார்ப்போம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும்: நம்மாலும் முடியும். எந்தப் பொருளும் எடுக்கத் தேவையில்லை. ஆட்டத்தின் முதல் நொடியிலிருந்தே அந்தத் திறன் நம்மிடம் இருந்திருக்கிறது. இந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை எந்த அம்புக்குறி தரும்?

மூன்றாவது, கண்ணாடிக் குழாய். தண்ணீருக்கு அடியில் ஒரு குழாய் வழியாக நடந்து போகிறோம். வெளியே ஒரு பகுதி முழுவதும் தெரிகிறது, போக வழி இல்லை. பக்கத்து வழியில் அதே மாதிரி இன்னொரு குழாய், உடைந்து கிடக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் கையில் பெரிய வெடிகுண்டு கிடைக்கும்போது, அந்த உடைந்த குழாய் ஞாபகத்துக்கு வரும். ஓடிப்போய் நல்ல குழாயின் நடுவில் நின்று வெடிக்க வைப்போம்.

நான் பொறியாளன். எங்கள் துறையில் ஒரு பழைய பாடம் உண்டு: கதவில் 'தள்ளவும்' என்று எழுதி ஒட்ட வேண்டியிருந்தால் கோளாறு கதவில்தான். அம்புக்குறி என்பது ஒட்டுத்தாள். அறையை ஒழுங்காகக் கட்டத் தெரியாதவர் ஒட்டுவது.

குறையே இல்லாத கேம் என்று நான் சாமியாட வரவில்லை. ஆயுதம் மாற்ற ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். இன்று அப்படி வடிவமைத்தால் ஏச்சு விழும். மரிடியாவின் புதைமணலில் மாட்டிக்கொண்டால் கடுப்பாகும். பழைமைவாதிகள் இதையெல்லாம் பெருமை என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1986-இல் வந்த முதல் மெட்ராய்டில் வரைபடமே கிடையாது, ஆட்டக்காரர்கள் தாளில் வரைந்துகொண்டார்கள். சூப்பர் மெட்ராய்ட் வரைபடத்தைச் சேர்த்தது. அதாவது உதவியைக் கூட்டியது. இடத்தைக் காட்டியது, என்ன செய்வதென்று மட்டும் சொல்லவில்லை. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று தெரிந்ததுதான் திறமை.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி வேறு எங்கும் தேட வேண்டாம். இந்த கேமை இயக்கிய யோஷியோ சகாமோட்டோவே 2002-இல் 'மெட்ராய்ட் ஃப்யூஷன்' செய்தார். அதில் ஒரு கணினி அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நல்ல கேம்தான், ஆனால் தேடல் பாதியாகிவிட்டது. 2010-இல் அவர் கதை எழுதிய 'அதர் எம்' வந்தது. அதில் சேமஸிடம் எல்லாக் கருவியும் இருக்கிறது, ஆனால் தளபதி அனுமதி கொடுத்தால்தான் பயன்படுத்துவாள். வெப்பம் தாங்கும் கவசம் கூடவே இருந்தும், அனுமதி வரும்வரை நெருப்புப் பகுதியில் வெந்துகொண்டு ஓடுகிறாள். அறையைப் பார்த்து நாமே முடிவெடுத்த கிரகத்திலிருந்து 'எஜமான், செய்யலாமா?' என்று கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஓர் இலக்கிய இதழில் இதை எதற்கு எழுதுகிறேன்? நம் கதைகளில் இந்த அம்புக்குறியை நான் நிறையப் பார்க்கிறேன். கதை நன்றாகவே போகும். கடைசிப் பத்தியில் ஆசிரியர் வந்து 'அன்றுதான் அவனுக்குப் புரிந்தது' என்று நமக்குப் பாடம் எடுப்பார். பரிசுக் கதைகளில் இது இன்னும் அதிகம். வாசகனுக்குப் புரியாது என்ற பயம் அது. கேம் என்றாலே பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்லும் அதே ஆட்கள் எழுதும் கதையைவிட, மூன்று மெகாபைட் கேம் ஒன்று தன் எதிரே இருப்பவரை மதிக்கிறது.

கேமின் முடிவில் கிரகம் வெடிக்கப் போகிறது. தப்பிக்க மூன்று நிமிடம். ஓடும் வழியில், பக்கத்தில் ஓர் அறை. சுவரில் துள்ளக் கற்றுக்கொடுத்த அந்த விலங்குகள் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கின்றன. காப்பாற்று என்று திரையில் வராது. காப்பாற்றினால் ஆயுதமோ மதிப்பெண்ணோ கிடைக்காது. கிரகம் வெடிக்கும்போது ஓர் ஓரத்தில் சின்ன ஒளிப்புள்ளி ஒன்று பறந்து போகும். கவனிக்காவிட்டால் அதுவும் தெரியாது.

அதனால் நினைவேக்கம் என்று சொல்லும் முன் ஒருமுறை விளையாடிவிட்டு வாருங்கள். யூடியூப்பில் வழி பார்க்காமல். ஒரு வாரம் எடுக்கும். பிறகு சண்டை போடலாம்.