சத்தம் பிடிக்காத மெக்கானிக்



இந்த இதழின் அட்டையில் இருக்கும் வெள்ளி நிற ரோல்ஸ்-ராய்ஸ் காரைப் பார்த்ததும் உங்களுக்கு மகாராஜாக்கள் ஞாபகம் வந்திருக்கும். அட்டைப்படம் தேர்ந்தெடுத்தபோது எங்கள் அலுவலகத்திலும் பேச்சு அந்தப் பக்கம்தான் போனது. யார் எத்தனை கார் வைத்திருந்தார், இருக்கைக்கு என்ன தோல் போட்டார் என்று ஆளாளுக்கு ஒரு கதை. எனக்கென்னவோ அந்தக் காரைச் செய்தவர்மேல்தான் கண். ஹென்றி ராய்ஸுக்கும் இருக்கைத் தோலுக்கும் சம்பந்தமே கிடையாது. அவருடைய தொழிற்சாலை விற்றது வெறும் சேஸிஸை. வாங்கியவர் அதை பார்க்கர், ஹூப்பர் போன்ற கம்பெனிகளிடம் கொடுத்து, தன் வசதிக்கும் ரசனைக்கும் ஏற்றபடி பாடி கட்டிக்கொள்ள வேண்டும். ராய்ஸின் கைவேலை எல்லாம் பாடிக்கு அடியில் மறைந்துபோகும்.

1863-ல் இங்கிலாந்தில் ஆல்வால்டன் என்ற கிராமத்தில், மாவு மில் நடத்தியவரின் மகனாகப் பிறந்தவர். குடும்பம் நொடித்துப்போய், சிறுவயதிலேயே பேப்பர் விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தை ஒருவர் பணம் கட்டி ரயில்வே பட்டறையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார். அத்தை கையில் காசு தீர்ந்ததும் அதுவும் பாதியில் நின்றது. பிறகு மான்செஸ்டரில் டைனமோவும் கிரேனும் செய்யும் சொந்தத் தொழில். வேலையில் இறங்கிவிட்டால் சாப்பாடு மறந்துவிடுமாம். ஒரு பையன் கையில் பால் டம்ளரோடு பட்டறை முழுக்க அவர் பின்னாலேயே அலைவான் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் டெகாவில் என்ற பிரெஞ்சு கார் ஒன்று, அதுவும் செகண்ட் ஹேண்டில், வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துக் கணக்கில் அது மோசமான கார் இல்லை. ஆனால் அதன் சத்தமும் அதிர்வும் ராய்ஸுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு பாகமாகத் திருத்துவதைவிடச் சொந்தமாகவே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார். அவருடைய முதல் கார் 1904 ஏப்ரல் 1 அன்று ஓடியது. அடுத்த மாதம் மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் அவரைச் சந்தித்த சார்லஸ் ரோல்ஸ், பிரபு வீட்டுப் பிள்ளை, லண்டனில் கார் வியாபாரி. இரண்டு சிலிண்டர் கார் என்றாலே முகம் சுளிப்பவர். ராய்ஸின் இரண்டு சிலிண்டர் கார் ஓடிய நயத்தைப் பார்த்த பிறகு, நீங்கள் செய்வதையெல்லாம் நான் விற்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. அவர்களுடைய முதல் ஆறு சிலிண்டர் காரில் கிராங்க்ஷாஃப்ட் உடைந்தது. பிஸ்டன் ஒவ்வொன்றும் அழுத்தும்போது அந்த நீண்ட தண்டு ஈரத் துணியைப் போலக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, மறுகணமே திரும்புகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் இந்த முறுக்கலும் அடுத்த பிஸ்டனின் அழுத்தமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டால் தண்டு தாங்காது. 1906-ல் வந்த 40/50 மாடலுக்காக ராய்ஸ் இன்ஜினைப் புதிதாகவே வரைந்தார். மும்மூன்று சிலிண்டராக இரண்டு தொகுதி, தடித்த கிராங்க்ஷாஃப்ட், அதைத் தாங்க ஏழு பேரிங், அவற்றுக்கெல்லாம் அழுத்தத்தோடு எண்ணெய். சேஸிஸில் ரிவெட் அடிப்பதும் அவருக்கு ஆகாது. ரிவெட் துளையை முழுதாக நிரப்பாது, நாளாவட்டத்தில் ஆட்டம் கொடுக்கும் என்பது அவர் கட்சி. எனவே ஒவ்வொரு துளையையும் சரிவாகக் கடைந்து, அதே சரிவுள்ள போல்ட்டை இறுக்கினார்கள். எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்று எந்த லேத்காரரும் சொல்வார்.

அந்த வரிசையில் 12-வது சேஸிஸுக்கு வெள்ளி வண்ணம் பூசி 'சில்வர் கோஸ்ட்' என்று பெயர் வைத்தவர் கம்பெனி நிர்வாகி கிளாட் ஜான்சன். விளம்பரம் தெரிந்த மனிதர். 1907-ல் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் அந்தக் காரை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்குமாக ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் 15,000 மைல். 629-வது மைலில் ரோட்டின் குலுக்கலில் பெட்ரோல் குழாய் தானே மூடிக்கொண்டது. அவ்வளவுதான், மீதி 14,371 மைலும் வழியில் மக்கர் பண்ணாமல் ஓடியது. பிறகு இன்ஜினைப் பிரித்து அளந்து பார்த்தால் தேய்மானம் என்று சொல்ல ஏதுமில்லை. காரைப் புதிதுபோல் ஆக்கத் தேவைப்பட்ட உதிரிபாகங்களுக்கு இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல்தான் ஆனது.

ராய்ஸை மட்டும் தூக்கிப்பிடிப்பது நியாயமில்லை. 1908-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் ஹென்றி லீலண்டின் அமெரிக்கக் கம்பெனி வேறொன்றைக் காட்டியது. மூன்று காடிலாக் கார்களைக் கழற்றி, பாகங்களை ஒரே குவியலாகக் கலந்து, மறுபடி மூன்று காராகப் பூட்டி, 500 மைல் ஓட்டினார்கள். எந்தப் பாகமும் எந்தக் காருக்கும் பொருந்தியது. அன்று காடிலாக் ஆடம்பரக் கார்கூட இல்லை, ஒற்றை சிலிண்டர் வண்டி. பின்னால் உலகம் போன பாதை லீலண்டின் பாதைதான். ஆனாலும் என் மனசு அரம் பிடித்து ராவிக்கொண்டிருந்த ராய்ஸ் பக்கமே சாய்கிறது.

அவரும் சறுக்கியிருக்கிறார். 1912 ஆல்ப்ஸ் மலைப் பந்தயத்தில், தனியார் ஒருவர் ஓட்டிவந்த சில்வர் கோஸ்ட் கட்ஷ்பெர்க் ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. மூன்றே கியர், அந்தச் செங்குத்துக்குப் போதவில்லை. ராய்ஸ் அப்போது நோயாளி. அவர் தென் பிரான்ஸில் தங்கி ஓய்வெடுக்க வேண்டியிருந்த காலம் அது. இருந்தும் மறுவருஷமே நான்கு கியரோடு கார்களை அதே மலைக்கு அனுப்பினார்கள். 1913 பந்தயத்தில் அந்தக் கார்கள் பெயர் வாங்கின.

உள்ளே இருக்கும் படங்களில் பானெட்டைத் திறந்து எடுத்தவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உங்கள் தாத்தாவோ அப்பாவோ பழைய கார்களில் கை வைத்த மெக்கானிக்காகவோ டிரைவராகவோ இருந்திருந்தால், அவர்கள் சொன்னதை எழுதி அனுப்புங்கள். கடிதங்கள் பகுதியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்