தொய்வுக் குழந்தையின் பற்சூத்தைக்குப் பொறுப்பாளி யார்?

தொய்வு நோயால் வருந்தும் குழந்தையின் பற்கள் சூத்தையானால், ஊரார் உடனே தாயின் மீது பழி சுமத்துகின்றனர். “இனிப்பைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்” என்பதே தீர்ப்பு. சாட்சியத்தை ஆராயாது வழங்கப்படும் இத்தீர்ப்பை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

சாட்சியம் யாது? வாயிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. அவ்வமிலத்தைக் கழுவித் தணித்துப் பல்லைக் காப்பது உமிழ்நீர். மூச்சு முட்டும் குழந்தையோ வாயால் மூச்சு வாங்குகின்றது, வாய் உலர்கின்றது. முட்டைத் தணிக்கும் சல்பியூட்டமோல் போன்ற மருந்துகளும் உமிழ்நீரைக் குறைக்கக்கூடியவை. உறிஞ்சும் தூள் மருந்துகள் பலவற்றிற் பாற்சர்க்கரை கலந்துள்ளது. பாணி மருந்துகள் பலவற்றிற் சீனி உண்டு. இருமலுக்கென்று நாம் இரவிற் கொடுக்கும் பனங்கற்கண்டும் தேனும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. உறக்கத்தில் உமிழ்நீர் மிகவுங் குறைவதால், அப்பொழுது பல்லில் ஒட்டிய இனிப்பு தடையின்றித் தன் வேலையைச் செய்கின்றது. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, தொய்வுள்ளோருக்குப் பற்சூத்தை ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. தாய் மட்டுமே குற்றவாளி என்போர் இதற்கு என்ன விடை பகர்வர்?

இதனைக் கேட்டு மருந்தைக் கைவிட எண்ணுவோர்க்கு நாம் ஒன்று கூறுவோம். பல்லைக் காக்க மருந்தை நிறுத்துதல் குழந்தையின் உயிரோடு விளையாடுவதாகும். சூத்தையைத் தடுக்கலாம், நின்ற மூச்சை மீட்க முடியுமா?

குறை வேறிடத்தில் இருக்கின்றது. மூச்சைப் பார்க்கும் வைத்தியர் பெரும்பாலும் பல்லைப் பற்றிப் பேசுவதில்லை. பல்லைப் பார்ப்பவர் குழந்தை பாவிக்கும் மருந்தைப் பற்றிக் கேட்பதில்லை. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் வேலையை விட்டு, நாள் முழுதும் வைத்தியசாலை வாசலிற் காத்து நிற்கும் கமக்காரனுக்கு இவ்விரண்டையும் இணைத்துச் சொல்வார் யார்? பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் இருந்தும், தொய்வுள்ள குழந்தையை அங்கு முன்கூட்டியே அனுப்பும் பொறுப்பை ஏற்பவர் யார்?

நாம் கேட்பன மூன்று. தொய்வு என்று கண்ட அன்றே பற்பரிசோதனைக்குச் சீட்டு எழுதப்படல் வேண்டும். கிடைக்குமிடத்துச் சீனியற்ற மருந்தே கொடுக்கப்படல் வேண்டும். மருந்துடன் பற்காப்பு அறிவுரையும் பெற்றோருக்கு விளங்கும் தமிழில் எழுத்தில் வழங்கப்படல் வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. கடமையுணர்வு ஒன்றே போதும்.

பெற்றோரே, நீங்களும் வாளாவிருத்தலாகாது. மருந்தை உறிஞ்சியவுடன் குழந்தை நீரால் வாய் கொப்பளித்துத் துப்பட்டும். காலையிலும் படுக்கைக்கு முன்னும் புளோரைட்டு சேர்ந்த பற்பசையாற் பல் துலக்குக. இரவு மருந்தை அதற்கு முன்னரே கொடுத்திடுக. பின்னர் தண்ணீரன்றி வேறெதுவும் வேண்டா. அடுத்த முறை வைத்தியரிடஞ் செல்லும்போது, “இம்மருந்திற் சீனி உண்டா?” என்று அஞ்சாது கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை கூறுவது அவர் கடமை.