கூடாரத்திலே சுட்ட அப்பம்

தியானப் பகுதி: ஆதியாகமம் 18:1-15, நியாயாதிபதிகள் 13:1-14



அந்நிய தேசத்திலே அப்பம் சுட்ட ஒரு ஸ்திரீயை ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவள் சாராள். ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவனுக்கு வயது 75. மம்ரேயின் சமபூமியிலே மூன்று புருஷர் அவன் கூடாரத்துக்கு எதிரே நின்றபோது வயது 99. ஆகவே ஏறத்தாழ 24 ஆண்டுகள் சாராள் தன் இனத்தாரை விட்டுப் பிரிந்து, கூடாரத்தில் குடியிருந்தாள். பகலின் உஷ்ண வேளையிலே கணவன் விரைந்து வந்து, மூன்று படி மாவைப் பிசைந்து அப்பம் சுடும்படி சொல்லுகிறான். எபிரெயர் 'சேயா' என்று அழைத்த அந்த அளவில் மூன்று என்றால் ஏறத்தாழ 20 லிட்டர் மாவு. மூன்று விருந்தாளிகளுக்கு அது மிகவும் தாராளமான அளவு!

அதே நாளிலே, அதே கூடாரத்தின் வாசலிலே நின்றுதான், தனக்கு ஒரு குமாரன் பிறப்பான் என்ற வாக்குத்தத்தத்தைச் சாராள் தன் காதாலே கேட்டாள். அந்நிய வாசம், அடுப்படி வேலை, கர்ப்பத்தின் கனி, விசுவாசம் ஆகிய நான்கையும் பரிசுத்த ஆவியானவர் ஒரே அதிகாரத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்.

நம்முடைய நாட்களிலும் இவை நான்கும் சில வீடுகளில் ஒன்றாய்ச் சந்திக்கின்றன. தாராவியிலும் செம்பூரிலும் நம்முடைய சபைகளின் ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பிள்ளைகள் அநேகர் இன்று ஜெர்மனி போன்ற தேசங்களில் குடும்பமாய் வாழ்கிறார்கள். ஸ்டுட்கார்ட் பட்டணத்தில் வசிக்கும் அப்படிப்பட்ட ஒரு இளம் சகோதரி இந்தப் பகுதிக்கு எழுதியிருக்கிறார்கள். ஏழாம் மாதம், முதல் பிரசவம். மும்பையில் அவர்கள் வளர்ந்த வீட்டில் இரண்டு அடுப்பு வைக்கத்தான் இடம் இருந்தது. ரொட்டி என்றால் பேக்கரியில் வாங்கும் பாவ்தான். இப்போதோ குடியிருக்கும் வீட்டிலேயே ஓவன் இருக்கிறது. தனிமையை மறக்க கேக்கும் ரொட்டியும் செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பின் எல்லாரும் அவர்கள் கொண்டுவருவதை விரும்பிச் சாப்பிடுவார்களாம்.

இந்நிலையில், கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிய வந்தது. உணவைக் கட்டுப்படுத்தியும் போதுமான அளவு குறையாததால், இன்சுலின் போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஊரிலிருந்து பேசும் உறவினர் ஒருவர், "ஊசி போட்டால் விசுவாசம் எங்கே? மூன்று நாள் உபவாசித்து ஜெபி" என்று ஆலோசனை கூறினாராம். "நான் என்ன செய்யட்டும், ஐயா? இனி ஓவனைத் தொடவே கூடாதா?" என்று அந்த மகள் கேட்கிறார்கள். ஒரு தாயின் சரீரமும் பிறவாத ஒரு குழந்தையும் சம்பந்தப்பட்ட கேள்வி இது. ஆகையால் மழுப்பாமல் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நோயை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் சில ஹார்மோன்கள் தாயின் இன்சுலின் முழுப் பலனோடு வேலை செய்யாதபடி தடுக்கின்றன. பெரும்பாலானவர்களின் சரீரம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து அதை ஈடுசெய்துகொள்ளும். சிலருக்கு அது இயலாமற்போகிறது. இந்தியா, இலங்கை முதலிய தென்னாசிய நாடுகளைச் சேர்ந்த பெண்களுக்கு ஐரோப்பியப் பெண்களைவிட இது அதிகமாக வருகிறது. ஆகவே இது மறைவான பாவத்தின் தண்டனை அல்ல. கேக் சாப்பிட்டதால் மாத்திரம் வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

பொதுவாக 24-ஆம் வாரத்துக்கும் 28-ஆம் வாரத்துக்கும் நடுவே பரிசோதிக்கிறார்கள். ஜெர்மனியில் முதலாவது 50 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சந்தேகம் எழுந்தால், இன்னொரு நாள் வெறும் வயிற்றில் 75 கிராம் கொடுத்து மூன்று முறை இரத்தம் எடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம் என்ற அளவுகளில் ஏதாவது ஒன்றை எட்டினாலே நோய் என்று கணக்கிடுகிறார்கள்.

தாயின் இரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாய்க் குழந்தைக்குப் போகிறது. குழந்தை அளவுக்கு மிஞ்சிப் பருக்கிறது; பிரசவம் கடினமாகிறது; பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடவும் கூடும். தாய்க்கோ பெரும்பாலும் எந்த வலியும் தெரியாது. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று அசட்டையாய் இருந்துவிடக் கூடாததற்கு இதுவே காரணம்.

தூதன் சொன்ன பத்தியம்

நியாயாதிபதிகள் 13-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். சோரா ஊரானாகிய மனோவாவின் மனைவி பிள்ளையில்லாதவள். கர்த்தருடைய தூதன் அவளுக்குத் தரிசனமாகி, அவள் கர்ப்பவதியாவாள் என்று அறிவிக்கிறான். அறிவித்தவுடன் அவன் சொல்லுகிற காரியம் என்ன? அவள் எதைக் குடிக்கக் கூடாது, எதைப் புசிக்கக் கூடாது என்பதே. பிறக்கப்போகிற சிம்சோன் தேவனுக்கென்று பிரித்தெடுக்கப்பட்டவன். ஆனாலும் பத்தியம் தாய்க்குக் கொடுக்கப்பட்டது. அதிசயமாய்க் கர்ப்பத்தைத் திறந்த தேவன், அந்தக் கர்ப்பத்தின் நாட்களிலே அவளுடைய உணவைக் குறித்தும் கட்டளையிட்டார்.

அது நசரேய விரதத்துக்கான கட்டளை. நம் சகோதரியின் கையிலிருக்கும் உணவுப் பட்டியல் மருத்துவர் எழுதியது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனால் பிள்ளைக்காகத் தாய் தன் வாயைக் காத்துக்கொள்வது அவிசுவாசம் அல்ல, அது கீழ்ப்படிதல் என்பதை இந்த அதிகாரம் நமக்குத் தெளிவாய்க் காட்டுகிறது. மகளே, நீங்கள் தள்ளிவைக்கிற ஒவ்வொரு இனிப்புத் துண்டும் உங்கள் பிள்ளைக்காக நீங்கள் செலுத்துகிற காணிக்கை.

ஊசியும் விசுவாசமும்

நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற ஜனங்கள். யாக்கோபு 5:14-இன்படி சபையின் மூப்பர்களை அழைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கிறோம். அதை ஒருநாளும் விட்டுவிட மாட்டோம். அதே வேதத்தில் எசேக்கியா ராஜாவின் சரித்திரமும் எழுதப்பட்டிருக்கிறது. ராஜா அழுது ஜெபித்தான். 15 ஆண்டுகள் கூட்டிக்கொடுப்பதாகக் கர்த்தர் வாக்குப்பண்ணினார். அதன்பின்பு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் செய்தான் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் கையிலிருந்து வந்தன. அந்த அடை தேவனுடைய வார்த்தையை அவமாக்கவில்லை.

இன்சுலின் 1921-ஆம் ஆண்டில் கனடா தேசத்தின் டொராண்டோ நகரில் கண்டறியப்பட்டது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாய் அது செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு அந்த வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் மெலிந்து மரிப்பதைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. இந்த அறிவு எங்கேயிருந்து வந்தது? எல்லா நன்மையான ஈவும் பரத்திலிருந்து வருகிறது என்று நாம் பிரசங்கிக்கிறோமே! கர்ப்பிணிக்குப் போடப்படும் இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடைவதில்லை என்பதையும் அறிந்து தைரியமாயிருங்கள். ஜெபித்தபின் சர்க்கரை குறைந்தால் கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள். மருந்தைக் குறைப்பதையோ நிறுத்துவதையோ மருத்துவரே தீர்மானிக்கட்டும்.

உபவாசத்தைக் குறித்து ஒரு வார்த்தை. இன்சுலின் போடுகிற கர்ப்பிணி உணவை விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இந்நாட்களில் உபவாசம் அவர்கள்மேல் விழுந்த கடமை அல்ல. அவர்களுக்காக உபவாசிக்க விரும்புகிறவர்கள் தங்கள் சொந்த உணவை விட்டு உபவாசிக்கட்டும்.

ஓவனை அணைக்க வேண்டியதில்லை

சகோதரியின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஓவனை மூட வேண்டாம்; அதில் வைப்பதை மாற்றுங்கள். ஜெர்மனியில் மாவுப் பொட்டலத்தின்மேல் ஒரு எண் இருக்கும். மாவை எரித்தால் மிஞ்சும் தாதுச் சாம்பலின் அளவை அது குறிக்கிறது. டைப் 405 என்பது நம்முடைய மைதாவைப் போன்ற வெண்மாவு, கேக்குக்கு உகந்தது, சர்க்கரையை விரைவாய் ஏற்றும். டைப் 1050-இல் தவிடு கூடுதல். 'ஃபோல்கோன்' என்று எழுதியிருந்தால் அது முழுத்தானிய மாவு. 'ரை' என்னும் தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கறுத்த ரொட்டியும் அந்த ஊரில் எளிதாய்க் கிடைக்கும். இவற்றையும் அளவோடுதான் புசிக்க வேண்டும். எத்தனை துண்டு என்பதை உங்கள் உணவு ஆலோசகரிடம் கேளுங்கள். உங்களுடைய இரத்தச் சர்க்கரைக் கருவியும் அதற்குப் பதில் சொல்லும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பின் 140-க்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. உணவுக்குப்பின் சற்று நடப்பதும் சர்க்கரையைக் குறைக்க உதவும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கிறிஸ்துமஸ் நாட்களில் அங்கே விற்கும் 'ஸ்டோலன்' என்னும் ரொட்டியில் ரம் என்ற மதுவில் ஊறிய திராட்சை சேர்ப்பதுண்டு, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பகாலத்தில் மது இவ்வளவு வரை தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது. வீட்டில் செய்யும்போது உலர்ந்த பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைக்கலாம். ஆனால் அவற்றிலும் சர்க்கரை அதிகம் என்பதால், அந்தக் கேக்கைப் பிறருக்குக் கொடுப்பதே நல்லது. அடுத்தது, பச்சை முட்டை கலந்த மாவை ருசிபார்க்காதிருங்கள். அதனால் கிருமித் தொற்று உண்டாகலாம்.

மனோவாவைப் போன்ற கணவன்

மனோவா செய்ததைக் கணவன்மார் கவனிக்க வேண்டும். மனைவி வந்து தூதனைப் பற்றிச் சொன்னபோது அவன் அவளைப் பரிகசிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குச் செய்யவேண்டியதைத் தங்களுக்குக் கற்பிக்கும்படி ஜெபித்தான். தூதன் மறுபடியும் வந்தபோது எழுந்து மனைவியோடேகூடப் போய், நேரில் கேட்டறிந்தான். சகோதரனே, அலுவலகத்தில் விடுப்பு எடுத்து மருத்துவரிடம் மனைவியோடு போங்கள். ஜெர்மன் மொழியில் சொல்லப்படுவது புரியாவிட்டால் மறுபடியும் கேளுங்கள். இருவருக்கும் ஒரே உணவைச் சமையுங்கள். அவர்கள் பத்தியம் இருக்கும் மேஜையில் நீங்கள் ஜிலேபி சாப்பிடாதிருங்கள். பிரசவத்துக்குப் பின் 12 வாரங்கள் வரையில் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்க்கும் மருத்துவச்சியை அந்த நாட்டில் 'ஹெபாமே' என்கிறார்கள். அந்தச் செலவை மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொள்ளும். ஆனால் முன்னதாகவே தேடிப் பேசி வைக்க வேண்டும். அது உங்கள் பொறுப்பாயிருக்கட்டும்.

தாய்மார்களுக்கும் சபைக்கும்

மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் இதை வாசிக்கிற தாய்மார்களே, உங்கள் மகளிடம் "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று சொல்லி அதிரசமும் லட்டும் பார்சல் அனுப்ப வேண்டாம். "இன்றைக்கு எவ்வளவு காட்டியது?" என்று கேளுங்கள். உங்கள் மூலமாய்ப் பயமோ குற்றச்சாட்டோ அவளை எட்ட வேண்டாம். பேசி முடிக்கும்போது ஜெபித்து முடியுங்கள். பிரசவத்துக்குப் பின் இந்தச் சர்க்கரை பெரும்பாலும் மறைந்துவிடும். ஆயினும் 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுபரிசோதனை அவசியம். பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம் ஆகையால், தொடர்ந்தும் கவனமாயிருக்க வேண்டும்.

சபையாருக்கும் ஒன்று சொல்லுகிறேன். ஜெர்மனியில் 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் அநேகம். தாயின் துணையின்றி அந்நிய மண்ணில் பிள்ளை பெற்ற மூத்த சகோதரிகள் அவர்களுக்குள்ளே உண்டு. அவர்கள் இப்படிப்பட்ட இளம் பெண்ணைத் தேடிப்போய்த் தாய்வீடாய் இருக்கலாம். அங்கே ஆராதனைக்குப்பின் பரிமாறும் மேஜையில் சர்க்கரை இல்லாத ஒரு தட்டும் இருக்கட்டும். நம் நாட்டு நகரங்களிலும் ஊரைவிட்டு வந்து தனியே பிரசவத்துக்குக் காத்திருக்கிற மருமகள்கள் உங்கள் அடுத்த தெருவிலேயே இருக்கக்கூடும். விசாரித்துப் பாருங்கள்.

சாராள் சிரித்தாள், பயந்தாள், சிரிக்கவில்லை என்று மறுக்கவும் செய்தாள். ஆனாலும் எபிரெயர் 11-ஆம் அதிகாரம் அவளை விசுவாச வீரர்களின் வரிசையில் வைத்திருக்கிறது. பயந்துகொண்டே பரிசோதனைக்குப் போகிற மகளையும் கர்த்தர் அப்படியே ஏற்றுக்கொள்வார்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, தூரதேசங்களிலே கர்ப்பவதிகளாயிருக்கிற எங்கள் பிள்ளைகளை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவர்கள் புசிக்கும் அப்பத்தை ஆசீர்வதியும். மருத்துவருக்கு ஞானத்தையும், கணவனுக்கு அன்பையும், சபைக்குத் தாயின் இருதயத்தையும் தாரும். ஏற்ற வேளையிலே தாயையும் சேயையும் சுகமாய்ப் பிரித்துத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.